‘பார்ப்போம்’ என்றொரு பொத்தான்

அந்த ஏணி என்னுடையது. அதனால் இந்தக் கதையைச் சொல்கிற உரிமையும் எனக்குத்தான். உப்போடையில் வேறு யாராவது இதை வேறு மாதிரிச் சொன்னால், ரூபி அப்படிச் சொல்லலையே என்று ஒரு வார்த்தை கேளுங்கள், வாயை மூடிக்கொள்வார்கள்.

உப்போடை எங்கே இருக்கிறது என்றால், கடலுக்குப் போகிற பஸ் உப்பளத்தைத் தாண்டினதும் கொஞ்சம் நின்று மூச்சு வாங்குமே, அங்கே இருக்கிறது. வெயிலும் உப்புக்காற்றும் மீன்வாடையும் போக எங்களிடம் தாராளமாக இருப்பது அடுத்தவர் பொருள்தான். இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்டு எதையும் எடுத்ததில்லை. என் ஏணி என் வீட்டில் நின்ற நேரத்தைவிட ஊரார் சுவரில் சாய்ந்து நின்ற நேரம் அதிகம், என் இட்லிக் கொப்பரை தெருக்கோடியில் யாருக்கோ காது குத்துகிற வீட்டில் ஆவி பறக்க வெந்துகொண்டிருக்கும்போது நான் என் வீட்டில் பன்னை டீயில் முக்கித் தின்றுகொண்டிருப்பேன், யார் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது, யார் மகளை யாருக்குக் கட்டுவது என்பதெல்லாம்கூட இப்படித்தான், முதலில் வந்தவர் எடுத்துக்கொள்வார். தப்பித்தவறி யாராவது கேட்டுவிட்டால் ‘முடியாது’ என்று மட்டும் நாங்கள் சொல்வதில்லை, எங்கள் வாய் அதற்கு வளையாது, ‘பார்ப்போம்’ என்போம். கேட்டவருக்கும் விளங்கிவிடும், சொன்னவருக்கும் பொல்லாப்பு இல்லை.

பக்கத்து வீட்டு வடிவுக்கு இருபத்தைந்து வயசு, பஸ் ஸ்டாண்டில் மொபைல் ரீசார்ஜ் கடையில் வேலை. யாருடைய போனையோ துடைத்துக்கொண்டிருந்தவள் ஒருநாள், “ரூபிக்கா, இதுக்குள்ள ஓடுததை எல்லாம் யாரோ ஒரு ஆளு உக்காந்துதான எழுதிருப்பாவ, நான் எழுதுனா ஓடாமலா போயிரும்?” என்று கேட்டாள், கேட்ட கையோடு வீடியோ பார்த்துப் படிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். போனுக்குள் ஓடுவதை எழுதுகிற அந்த மொழிக்குப் பெயர் கோட்லின். காலையில் எழுந்ததும் கோட்லின், சாப்பிடும்போது கோட்லின், கோட்லின் இன்றைக்குச் சொன்னதைக் கேட்கவில்லை, கோட்லின் என்னைப் படுத்துகிறான் என்று மகள் சொல்லச் சொல்ல அவள் அப்பா ஒருநாள் சுவர் பக்கம் என்னைக் கூப்பிட்டு ரகசியமாக, “உங்க சபையில கோட்லின்னு எவனும் இருக்கானா, ரூபி?” என்று விசாரித்தார். இருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேனா!

ஆனால் அவள் படித்த அழகு இருக்கிறதே, அதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். “திறந்த அடைப்புக்குறியை மூடணும்க்கா, மூடலேன்னா அது செவப்பா கோடு போட்டு அழுதுக்கிட்டே இருக்கும்” என்பாள். இஃப், எல்ஸ் என்று இரண்டைப் படித்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சே அப்படித்தான்: மழை வந்தால் துணியை எடு, இல்லையென்றால் விடு, குழம்பில் உப்பு இருந்தால் ஊற்று, இல்லையென்றால் அம்மாவைக் கூப்பிடு. முதல் தடவை போனில் ‘வணக்கம் உப்போடை’ என்று எழுத்து வந்தபோது அவள் செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடி, பால்காரரிடம் காட்டி, தண்ணீர் லாரி டிரைவரிடம் காட்டி, கடைசியில் காட்ட ஆள் இல்லாமல் ஒரு மாட்டிடமும் காட்டினாள், மாடும் பார்த்தது.

அவளுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தது அவள் அத்தை சந்தனமாரி. அப்பாவின் அக்கா. தங்கமான மனுஷி, அதில்தான் சிக்கலே. வடிவு பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, என் மகன் நாயகத்துக்கு இவதான் என்று சொன்னவள் அவள். அன்றைக்கு அதை யாரும் யாரிடமும் கேட்கவில்லை. லேப்டாப்பைக் கொடுக்கும்போதுகூட, “என் மருமக படிக்கட்டும், ஆவணியில கல்யாணம் முடிஞ்சாலும் என் வீட்டுல உக்காந்து தட்டட்டும்” என்று கன்னத்தைத் தடவித்தான் கொடுத்தாள். வடிவுக்குச் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் பயிற்சிக்கு இடம் கிடைக்கிற மாதிரி இருந்தது, தானே செய்த செயலி ஒன்றைக் காட்டினால் போதும் என்றிருந்தார்கள். நாயகம் என்றால் அவளுக்கு அண்ணன் மாதிரிகூட இல்லை, சின்ன வயசில் மண்டையில் கல்லெறிந்தவன், அவ்வளவுதான். இதை எல்லாம் அத்தையிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் கிளம்புவாள், அத்தை ஒரு கிண்ணத்தில் அவளுக்குப் பிடித்த பருப்புப் பாயசத்தை எடுத்துக்கொண்டு எதிரே வருவாள், இவள் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

அவள் செய்த செயலிக்கு ‘இரவல்’ என்று பெயர். பக்கத்து வீட்டு ஏணி வேண்டும் என்றால் போனில் ஒரு பலகை வந்து கேட்கும், அவர்கள் பதில் சொல்ல வேண்டும். பாடத்தில் இரண்டு பொத்தான் வைக்கச் சொல்லியிருந்தார்கள், ஒன்று அனுமதி, ஒன்று மறுப்பு. முதல் பொத்தானில் ‘சரி’ என்று எழுதிவிட்டாள். இரண்டாவதில் உப்போடைக்காரி எப்படி மறுப்பு எழுதுவாள்? ‘பார்ப்போம்’ என்று எழுதினாள். சரியை அமுக்கினால் பொருள் போகும், இல்லையென்றால்... அந்த இல்லையென்றாலுக்குள் என்ன எழுத என்று தெரியாமல் வெறும் அடைப்பைத் திறந்து மூடி, அப்புறம் எழுதிக்கலாம் என்று விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து நான் வாசலில் சாளை ஆய்ந்துகொண்டிருக்கும்போது வடிவு உள்ளே ரன் என்பதை அமுக்கினாள். அமுக்கினதும் என் மூக்குக்கு நேராக, வெறும் காற்றில், இளநீலத்தில், மூலை நாலும் வளைந்து, ஒரு பலகை வந்து நின்றது. ‘வடிவு உங்கள் ஏணியை எடுத்துக்கொள்ளலாமா?’ கீழே சரி, பக்கத்தில் பார்ப்போம். கையிலிருந்த மீனைக் கீழே போட்டுவிட்டேன். பலகையைப் பார்த்து இல்லை, இந்த ஏணியை நான் வாங்கின நாளிலிருந்து ஒருத்தர், ஒரே ஒருத்தர் என்னை இப்படிக் கேட்டதில்லை. மீன் கையோடு சரியை அமுக்கினேன், பொத்தானில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது, பலகை செதிலோடு மறைந்தது. “ஏட்டி வடிவு, எழுத்து பொடிசா இருக்கு, கொஞ்சம் பெருசாக்கு!” என்று மட்டும் கத்தினேன்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பலகை. போன் வைத்திருந்தவர், வைத்திராதவர் என்ற பேதமே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர் முன்னால் ‘உங்கள் மேல் இடித்துக்கொண்டு உட்காரலாமா?’ என்று வந்தது, முடிவெட்டுகிற கடையில் ‘தலையைப் பிடித்துக்கொண்டு அரசியல் பேசலாமா?’ என்று வந்தது, மருமகள்களுக்கு எல்லாம் ‘உன் பீரோவைத் திறந்து பார்க்கலாமா?’ என்று வந்து அன்றைக்கே பல வீட்டில் அமைதி நிலவியது, என் வாசலில் பூனை ஒன்று நெத்திலித் தட்டுக்கு முன்னால் முன்னங்காலை மடக்கி உட்கார்ந்திருக்க அதன் தலைக்கு மேல் ஒரு குட்டிப் பலகை நின்றது, நான் எப்படி இல்லை என்பேன், சரி என்றுவிட்டேன். கோயில் ஒலிபெருக்கிக்காக ஊருக்கே பொதுவாகச் சினிமாத் திரை அகலத்தில் ஒன்று வந்தது. எல்லோரும் பார்ப்போம் என்று அமுக்க, பாட்டு நின்று, பாட்டு நின்றதால் ஊரே எழுந்திருக்காமல் தூங்கி, பள்ளிக்கூடம், பஸ், பால் எல்லாம் தவறிப்போய், மறுநாள் நாங்களே போய் சரி என்று அமுக்கிவிட்டு வந்தோம். சரி கிடைக்காமல் எதையும் எடுக்க முடியாது, கை பலகையில் முட்டி நின்றுவிடும். ஐயோ, என்ன மரியாதை, என்ன மரியாதை! கேட்கப்பட்ட சந்தோஷத்தில் ஜனங்கள் பவுடர் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள், இன்றைக்கு யாராவது நம்மை என்னவாவது கேட்க மாட்டார்களா என்று.

கஷ்டம் பார்ப்போமில் இருந்தது. சரி என்றால் பலகை போய்விடும், பார்ப்போம் என்றால் போகாது, அந்த ஆள் பின்னாலேயே ஆட்டுக்குட்டி மாதிரி வரும். “இல்லையென்றாலுக்குள்ள நான் ஒண்ணும் எழுதலைக்கா” என்று வடிவு தலையில் கை வைத்தாள். “அது எங்க போகும்னு அதுக்கே தெரியலை. பின்னால வர்ற கேள்வி எல்லாம் வரிசையில அடைச்சுக்கிட்டு நிக்கும், முன்னாடி உள்ளதுக்குப் பதில் வந்தாத்தான் எப்பவோ கேக்காம விட்ட பழசு எல்லாம் நகரும்.” எங்கள் வார்டு கவுன்சிலர் பின்னால் வந்த பலகைகளை எண்ண ஆளில்லை, தெருவிளக்கு, குழாய், சாக்கடை என்று எல்லாவற்றுக்கும் பார்ப்போம் சொன்னவர் ஆயிற்றே, அவர் நடந்தால் தெருவே நிழலாகும், பஸ் ஸ்டாண்டில் அவர் நின்ற இடத்தில் மோர் விற்கிறவர் கடை போட்டுவிட்டார், வெயில் ஜாஸ்தியான நாளில் அவரை வீட்டிலிருந்து கூட்டிவந்து நிறுத்தினோம்.

இப்படி ஊரே கும்மாளமாக இருந்த ஒரு காலையில்தான் சந்தனமாரி அத்தை தாம்பாளத்தில் பூவும் பழமும் வைத்து எடுத்துக்கொண்டு, நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கப் போவோம் என்று சிரித்தபடி வடிவு வீட்டுக்குள் நுழைந்தாள். நுழைந்ததும் பலகை எழும்பியது. ‘சந்தனமாரி தன் மகன் கோமதிநாயகத்துக்கு உங்களைக் கட்டிவைக்கலாமா?’

வடிவு அத்தையைப் பார்த்தாள், அத்தை கையில் இருந்த பூவைப் பார்த்தாள், மேஜையில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தாள். பார்ப்போமை அமுக்கினாள்.

“வெக்கப்படுதா” என்றாள் அத்தை, மனசு நிறைந்து.

அன்றிலிருந்து அந்தப் பலகை வடிவின் தலைக்கு மேல். அத்தை ஆசையாக ஒரு தடவை பார்த்தால் அது ஒரு சாண் வளரும், அத்தையோ பார்க்கிற போதெல்லாம் ஆசையாகத்தான் பார்த்தாள். கதவில் முட்டியது, பஸ்ஸுக்குள் நுழையவில்லை, கடை முதலாளி அதன் மேல் ரீசார்ஜ் விலைப்பட்டியலை ஒட்டிக்கொண்டார். வடிவு எழுதி எழுதிப் பார்த்தாள். பலகையை மறைக்க ஒரு வரி எழுதினாள், அது கண்ணுக்கு மறைந்ததே தவிர இடத்தை விட்டு நகரவில்லை, ஊர்க்காரர்கள் எல்லாம் அதில் மோதி நெற்றி வீங்கி, பழையபடி வைத்துத் தொலை என்று சத்தம் போட்டார்கள். வேறு பொத்தான் வைக்கலாம் என்று ‘உடம்பு சரியில்லை’ என்று ஒன்று வைத்தாள். ஊரே ஓடிவந்து அதை அமுக்கியது, அமுக்கினவர்களுக்கு எல்லாம் நிஜமாகவே காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுக்க இடமில்லை, அதையும் எடுத்துவிட்டாள்.

“ஒரே ஒரு சொல்லு தானட்டி, எழுதேன்” என்றேன் நான்.

“எழுதிருவேன்க்கா. கை வரமாட்டேங்குது. அத்தை வாங்கித் தந்த பொட்டியில அத்தைக்கு எதிராவே எப்படிக்கா எழுத?” என்றாள், கண்ணில் தண்ணீர் நிற்க. எனக்கும் அழுகை வந்தது. அந்த அத்தை கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி!

நிச்சயதார்த்த நாளும் வந்தது. பலகை அதற்குள் கல்யாண மண்டபத்து வாசலைவிட அகலமாகிவிட்டதால் பெண்ணை உள்ளே கொண்டுபோக முடியவில்லை, சரி என்று நாற்காலிகளை எல்லாம் வெளியே பந்தலுக்குத் தூக்கி வந்தோம், ஒருத்தரும் இதில் ஒரு ஆச்சரியமும் காட்டவில்லை, சமையல்காரர் மட்டும் கேசரி வெயிலில் இறுகுகிறது என்று குறைப்பட்டார். தட்டு மாற்றுகிற நேரம். அத்தை வீட்டுக்காரர் பால்வண்ணம் மாமா, வாயில் வெற்றிலையோடு, தாம்பாளத்தை நீட்டினார். தாம்பாளம் பலகையில் டங் என்று முட்டியது. வடிவின் அப்பா இந்தப் பக்கமிருந்து நீட்டினார், டங். வாழைப்பழம் உருண்டது.

“ஏ பிள்ளை, சரியை அமுக்கு!” என்றார் அப்பா. சித்தப்பாமார், பெரியம்மாமார், மேளக்காரர் வரை, அமுக்கு அமுக்கு என்று ஒரே குரலாகச் சொல்ல, பந்தலே அதிர்ந்தது. வடிவின் விரல் மேலே போனது. சரிக்குப் பக்கத்தில் போனது. போய், நின்று, திரும்பி வந்தது.

“ரூபிக்கா, என் லேப்டாப்” என்றாள்.

நான் கொண்டுவந்திருந்தேன், தேங்காய்ப் பைக்கு அடியில். பட்டுப்புடவையோடு, நெற்றிச்சுட்டியோடு, மடியில் வைத்துத் திறந்தாள். மூன்றாவது பொத்தான். தட்டினாள், தட்டினாள், தலை நிமிராமல் தட்டி ரன் கொடுத்தாள். ஓடவில்லை. சிவப்புக் கோடு. எங்கே என்று தேடுகிறாள், கண்ணீர் மறைக்கிறது, மேலே போகிறாள், கீழே வருகிறாள், மேளக்காரர் பொறுமை இழந்து ஒரு தட்டுத் தட்டுகிறார்.

அத்தை பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, தமிழில் எழுதியிருந்த அந்த ஒரு சொல்லோ வடிவின் கை மறைவில் இருந்தது. ஆனால் பாயசக் கிண்ணத்தோடு எத்தனையோ நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள். “திறந்ததை மூடணும்னு நீதானட்டி சொல்லுவ? இங்கன பாரு, மூடாமக் கிடக்கு” என்று விரலை வைத்தாள். வடிவு அத்தையின் விரல் இருந்த இடத்தில் அடைப்பை மூடினாள். ஓடியது.

உப்போடையில் இருந்த அத்தனை பலகையிலும் ஒரே நேரத்தில் மூன்றாவது பொத்தான் முளைத்தது. ‘வேண்டாம்.’

வடிவு எழுந்து நின்று, அத்தையின் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அதை அமுக்கினாள். மண்டபத்து வாசலைவிட அகலமான பலகை ஊதி அணைத்த மாதிரி போய்விட்டது, வெயில் வந்து எல்லோர் முகத்திலும் அடித்தது.

“என்கிட்டயா வேண்டாம்னுட்ட?” என்றாள் அத்தை.

“ஆமா அத்தை. நீங்க வேணும். கல்யாணம் வேண்டாம். நான் சென்னைக்குப் போயி இதையே படிக்கணும் அத்தை.”

அத்தை அழுதாள். மறைக்காமல், முந்தானையை வாயில் வைக்காமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அப்போது பின்வரிசையில் இருந்து, “அப்பாடா!” என்று ஒரு குரல். நாயகம்! அவன் தலைக்கு மேலேயும் இத்தனை நாளும் இதே கேள்வியோடு ஒரு பலகை இருந்திருக்கிறது, ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கிறவன் ஆயிற்றே, வேலையில் குளிர் அறைக்குள் ஒளித்து, வெளியே வந்தால் தலையில் துண்டைப் போட்டு மறைத்து நடமாடியிருக்கிறான். “எம்மா, நானும் அமுக்கிட்டேன். இவ தூக்கத்துலயும் ப்ராக்கெட் மூடுவா, எனக்கு ஆகாது” என்றான். வடிவு ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவன் மண்டையில் எறிந்தாள். பந்தல் சிரித்த சிரிப்பில் அத்தையும் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். கவுன்சிலர் ஒரு மூலையில் உட்கார்ந்து வேண்டாம் வேண்டாம் என்று வரிசையாக அமுக்கிக்கொண்டிருந்தார். குழாய் கேட்டவர்கள், இதை அப்பவே சொல்லியிருந்தால் நாங்களே போட்டிருப்போமே என்று எழுந்து போனார்கள், மோர்க்காரர் மட்டும் நிழல் போச்சே என்று புலம்பினார்.

அடைப்பு விலகியதும் வரிசை நகர்ந்தது. வடிவு சொன்ன பழைய கேள்விகள், எப்போதோ கேட்டிருக்க வேண்டியவை, யாரும் கேட்காமலே விட்டவை, ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. முதலில் வந்தது எல்லாவற்றிலும் பழசு. நீலம் வெளிறி, மூலை மடங்கி, பழைய பஞ்சாங்கத்து அட்டை மாதிரி ஒரு பலகை பந்தலுக்குள் மெதுவாக நுழைந்து, ஆள் ஆளாகப் பார்த்துக்கொண்டே வந்து, சந்தனமாரி அத்தைக்கு முன்னால் நின்றது.

‘பால்வண்ணம் உங்களைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா?’

மாமா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். அத்தை எழுத்துக்கூட்டி ஒரு தடவை வாசித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தாள். தலை நரைத்த மகன் இல்லைதான், ஆனால் மீசை வைத்த மகன் பக்கத்தில் நிற்கிறான்.

“அன்னைக்கு என்னை எவரும் கேக்கலையே” என்றாள், எங்களிடம் இல்லை, பலகையிடம்.

“ஏய், ஊரே பாக்குது, சரியை அமுக்கு” என்றார் மாமா.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். விரலை முந்தானையில் நன்றாகத் துடைத்தாள். விரல் சரிக்கு மேல் நின்றது, மாமா மூச்சை விட்டார். வேண்டாமுக்கு மேல் நின்றது, மாமா மூச்சைப் பிடித்தார். அப்புறம் அத்தை முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அந்தச் சிரிப்பை உப்போடையில் நாங்கள் ஒருத்தரும் அதற்கு முன் பார்த்ததில்லை. நடுவில் இருந்ததை அமுக்கினாள்.

வடிவு சென்னைக்குப் போய்விட்டாள், லேப்டாப்பையும் ஒரு தூக்குவாளி பாயசத்தையும் எடுத்துக்கொண்டு. பஸ் ஏற்றிவிட்டது அத்தைதான். அந்த வெளிறின பலகை இன்றைக்கும் அத்தை பின்னாலேயே திரிகிறது, அவள் வீட்டில் இருந்தால் முற்றத்தில் நிற்கிறது. மாமா இப்போதெல்லாம் முதல் ஆளாக எழுந்து காபி போடுகிறார், அதைக் கொண்டுவந்து அத்தை கையில் கொடுத்துவிட்டு, பலகையை ஒரு பார்வை பார்த்து, “என்ன, பாத்தாச்சா?” என்று கேட்கிறார்.

“பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்” என்கிறாள் அத்தை, காபியை ஆற்றியபடி.